செவலையின் சட்டியில் மீதித் தண்ணீர்

என் மகனே,

உன் கடிதம் வந்தது. படித்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரமும் படித்தேன். பிள்ளைகள் இரண்டு பேரையும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டு, நீயும் மருமகளுமாக வீட்டிலேயே வைத்துப் பாடம் சொல்லப் போகிறீர்களாம். சரி, உங்கள் பிள்ளைகள், உங்கள் இஷ்டம். ஆனால் இந்த யோசனையே என்னிடமிருந்துதான் உனக்கு வந்ததென்று எழுதி, பொறுப்பைத் தூக்கி என் தலையில் வைத்திருக்கிறாய் பார், அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. உனக்கு ஆறு வயசில் செஞ்சியில் ஒரு வாரம் உன்னையும் அக்காவையும் நான் வீட்டிலேயே வைத்துப் பாடம் சொன்னேனாம். அடி இல்லை, அதட்டல் இல்லை, மணி அடிப்பது இல்லை. உன்னைக் கடித்த நாயையே அடிக்காமல் கட்டி வைத்துச் சோறு போட்டு, அதைக் காட்டியே கணக்கும் எழுத்தும் சொல்லிக் கொடுத்தேனாம். மன்னிப்பு என்றால் என்ன என்பதை நீ அந்த வாரம்தான் கற்றுக்கொண்டாயாம். அந்த நிம்மதியை உன் பிள்ளைகளுக்கும் கொடுக்க வேண்டுமாம்.

மன்னிப்பாவது மண்ணாங்கட்டியாவது! இதை இத்தனை வருஷமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறாய் என்று நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. உன் நைனா இருந்திருந்தால் அவரே சொல்லட்டும் என்று விட்டிருப்பேன். அவர் இல்லை. அந்த வாரம் என்ன நடந்ததென்று முழுசாகத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் மிச்சம். உட்கார்ந்து பொறுமையாகப் படி.

அரிசிக்கு ஜனங்கள் ரேஷன் கடையில் கால் கடுக்க நின்ற காலம் அது. உன் நைனா மல்லாட்டை மண்டியில் வேலை, நாளெல்லாம் வேர்க்கடலை மூட்டைகளுக்கு நடுவில்தான். நீ பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, மண்டிக்குப் பின்னால் படுத்திருந்த ஏதோ ஒரு செவலை நாய்க்கு மல்லாட்டை கொடுக்கப் போயிருக்கிறாய். அது உன் ஆடுசதையைக் கவ்விவிட்டது. நீ அழுதுகொண்டு வீட்டுக்கு ஓடி வர, உன் பின்னாலேயே அந்த நாயும் வர, அதன் பின்னால் தெருவே தடியோடு வந்தது. எதிர்வீட்டு அண்ணன்தான் முன்னால் நின்றார். நாயை நம் தோட்டத்துச் சுவரோரம் மடக்கிவிட்டார்கள். நாய் கடித்தால் நாயை அடித்துப் போடுவது, அதுதான் அன்றைக்கு ஊர் வழக்கம். உன் நைனா ஓடி வந்து நடுவில் நின்றார். சமணன் வீட்டு வாசலில் ஓர் உயிரை அடிக்க விடமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். அவருக்கும் அப்போது வேறு எதுவும் தெரியாது, பழக்கம், அவ்வளவுதான். ஒரு கயிற்றைப் போட்டு அதைத் தோட்டத்து வேப்பமரத்தில் கட்டிவிட்டு, உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினோம்.

டாக்டர் காயத்தை சோப்புப் போட்டு ரொம்ப நேரம் கழுவினார். பிறகு முதலில் கேட்டது நாயைப் பற்றித்தான். அடிக்கவில்லை, கட்டி வைத்திருக்கிறோம் என்று சொன்னதும் நிமிர்ந்து பார்த்தார். "நல்ல வேல பண்ணீங்க நைனாரே. அத அடிச்சிருந்தா நமக்கு ஒன்னும் தெரியாமப் போயிருக்கும். பத்து நாள் சோறு தண்ணி வச்சிப் பாருங்க. அது நல்லா இருந்துச்சின்னா உங்க புள்ளைக்கு ஒன்னும் இல்ல. தண்ணி குடிக்கல, சோறு திங்கல, ஆளு மாறிப் போச்சின்னா, ஒரு நிமிஷம் நிக்காதீங்க, ஊசி போட விழுப்புரத்துக்கு ஓடுங்க." அவர் சொல்லாமல் விட்டதும் எங்களுக்குத் தெரியும். வெறிநாய் என்றால், நோய் உனக்கு வந்துவிட்ட பிறகு மருந்தே கிடையாது.

அப்போதே ஊசி போட்டுவிடுவோம் என்று நான் சொன்னேன். உன் நைனா வேண்டாம் என்றார். வயிற்றைச் சுற்றித் தினம் ஒன்றாகப் போடுகிற ஊசி அது. மண்டியில் எடை போடுகிறவர் ஒருவர் அந்த ஊசி போட்டுக்கொண்ட பிறகு கால் இரண்டும் விளங்காமல் போய், சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்ததை அவர் தினம் பார்க்கிறவர். ஆறு வயசுப் பிள்ளைக்கு அப்படி ஆகிவிட்டால் என்ன செய்வது என்று கேட்டார். ஊசி போடாமல் வேறு மாதிரி ஆகிவிட்டால் என்ன செய்வது என்று நான் கேட்டேன். அந்தப் பத்து நாளும் நாங்கள் அடுப்படியில் குசுகுசுவென்று இதையேதான் பேசினோம். அம்மாவும் நைனாவும் ரகசியம் பேசிச் சிரித்துக்கொண்டிருப்பீர்கள் என்று எழுதியிருக்கிறாயே, அதைச் சொல்கிறேன்.

பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்தது. ஒன்றும் நிச்சயமாகத் தெரியாத வரைக்கும் பையன் வீட்டிலேயே இருக்கட்டும், மற்ற பிள்ளைகளின் தாய்மார்கள் பயப்படுகிறார்கள் என்றார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் அவர்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். தெருவில் வேறு ஆளுக்கு ஒன்று பேசினார்கள். கடிபட்டவன் கிணற்றை எட்டிப் பார்த்தால் தண்ணீரில் நாய் முகம் தெரியும் என்று ஒருத்தி என் காதில் விழுகிற மாதிரியே சொன்னாள். உன்னை வெளியே விட்டால் இதெல்லாம் உனக்குத் தெரிந்துவிடும். ஆகவே பள்ளிக்கூடம் லீவு என்று ஒரு பொய் சொன்னேன். உனக்கு மட்டும் லீவு விட்டால் சந்தேகம் வருமென்று அக்காவையும் நிறுத்தினேன். நான் எட்டாவது வரைக்கும் படித்தவள். சிலேட்டை எடுங்கள், இனிமேல் நான்தான் டீச்சர் என்று சொல்லி உட்கார்ந்தேன். உன் நிம்மதியான பள்ளிக்கூடம் பிறந்த கதை இதுதான்.

நாயைச் சுற்றிக் கோலமாவால் ஒரு கோடு போட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? கோட்டைத் தாண்டினால் அவுட் என்று சொன்னேன். அது விளையாட்டு என்று நீங்கள் நினைத்தீர்கள். மண்சட்டிக்குள் ஆணியால் வரிசையாகக் கீறல் போட்டுத் தண்ணீர் ஊற்றி வைத்தேன். கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று, காலையில் எத்தனை கீறல் தெரிந்தது, இப்போது எத்தனை தெரிகிறது, செவலை எவ்வளவு குடித்திருக்கிறது, மீதி எவ்வளவு என்று கேட்பேன். கழித்தல் கணக்கில் உன்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று இன்றைக்கும் பெருமைப்படுகிறாய். நீ விடை சொல்லும் வரைக்கும் நான் சட்டியை விட்டுக் கண்ணை எடுத்ததில்லை என்று உனக்குத் தெரியாது. செவலை எப்படி உட்கார்ந்திருக்கிறது, வாலை ஆட்டுகிறதா, வாயில் எச்சில் ஒழுகுகிறதா என்றெல்லாம் சிலேட்டில் நாலு வரி எழுதச் சொன்னேன். கரித்துண்டால் சுவரில் அதைப் படம் வரையச் சொன்னேன். உற்றுப் பார்த்து வரையுங்கள், கண்ணைச் சரியாகப் போடுங்கள் என்று சொல்வேன். பெரியவர்கள் இரண்டு பேர் பார்த்தால் போதாது, நாலு கண் கூட இருக்கட்டும் என்றுதான்.

நம் வீட்டில் பொழுது சாய்ந்தால் யாரும் சோற்றில் கை வைப்பதில்லை. செவலைக்கும் அதுதான் சட்டம். செஞ்சிக் கோட்டைக்குப் பின்னால் வெயில் இறங்குவதற்குள் அதற்கு மோர்சோறு, பூண்டு வெங்காயம் எதுவும் இல்லாமல். தண்ணீரும் நமக்கு வடிகட்டுகிற துணியிலேயே வடிகட்டி வைப்பேன். எதிர்வீட்டு அண்ணன் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, மனுஷனுக்கே அரிசி இல்லை, நைனார் வீட்டு நாய்க்கு வந்த வாழ்வைப் பார் என்று கேலி செய்வார். தடி மட்டும் அவர் வீட்டுத் தாழ்வாரத்தில் தயாராகச் சாத்தி இருக்கும்.

ஒருநாள் உங்களைத் திருநாதர் குன்றுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அதைப் பிக்னிக் என்று எழுதியிருக்கிறாய். பாறையில் செதுக்கியிருந்த தீர்த்தங்கரர்களை எண்ணச் சொன்னேன். மேல் வரிசையில் பன்னிரண்டு, கீழ் வரிசையில் பன்னிரண்டு, ரெண்டு பன்னிரண்டு இருபத்து நாலு என்று நீ பாறை எதிரொலிக்கக் கத்தினாய். அவர்களிடம் எதையும் கேட்கக் கூடாது, பற்றை விட்டவர்களிடம் கேட்டு என்ன ஆகும் என்று என் அப்பா சொல்வார். நான் கேட்டேன். ஒருத்தர் விடாமல் இருபத்து நாலு பேரிடமும் கேட்டேன். அது போதாதென்று, இறங்கி வரும்போது மேல்மலையனூர் இருக்கிற திசையைப் பார்த்து அங்காளம்மனையும் கும்பிட்டேன்.

அதற்கு மறுநாள்தான் அந்தக் கணக்கு வந்தது. மத்தியானம் அக்கா கோட்டருகே நின்று பார்த்துவிட்டு வந்து, "அம்மா, இன்னைக்குக் கழிக்கவே வேணாம். வச்சது அப்டியே இருக்குது" என்றாள். போய்ப் பார்த்தேன். தண்ணீர் அசையாமல் இருந்தது. செவலை மரத்தடியில் சுருண்டு கிடந்தது. மண்டிக்கு ஆள் அனுப்பினேன். உன் நைனா வந்து பார்த்துவிட்டு, காலையில் மோரை அதிகமாக விட்டுவிட்டாய் போலிருக்கிறது, தாகம் இருக்காது, சாயங்காலம் வரைக்கும் பார்ப்போம் என்றார். உங்களைத் தோட்டத்துப் பக்கம் விடக் கூடாதென்று கூடத்தில் உட்கார வைத்தேன். மல்லாட்டையை உடைத்து அரை, கால் என்றால் என்ன என்று காட்டினேன். ஒரு கொட்டையைப் பிளந்து பாதி உனக்கு, பாதி அக்காவுக்கு. அது தீர்ந்த பிறகு என்ன சொல்லிக் கொடுப்பதென்று தெரியவில்லை. சின்ன வயசில் என் அப்பா சொல்லி வைத்தது வாயில் தானாக வந்தது. ஓர் உயிருக்குச் செய்யக் கூடாதவை ஐந்து. கட்டிப் போடக் கூடாது. அடிக்கக் கூடாது. அங்கத்தை அறுக்கக் கூடாது. தாங்காத சுமையை ஏற்றக் கூடாது. சோறு தண்ணீர் இல்லாமல் போடக் கூடாது. செய்தால் பாவம். நீங்கள் இரண்டு பேரும் ராகம் போட்டுத் திருப்பித் திருப்பிச் சொன்னீர்கள். என் காது தோட்டத்தில் இருந்தது. வாய் என்ன சொல்கிறதென்று நான் கவனிக்கவே இல்லை.

சாயங்காலம் செவலை எழுந்து சோம்பல் முறித்துச் சட்டியில் பாதியைக் குடித்தது. உன் நைனா சொன்னதுதான் சரி, மோர்தான் காரணம். அன்றைக்கு இரண்டு பேரும் நிம்மதியாகச் சாப்பிட்டோம்.

மறுநாள் அமாவாசை. விடிந்ததும் நான் குடத்தில் துணி கட்டித் தண்ணீர் வடித்துக்கொண்டிருந்தேன். வடித்த தண்ணீரை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனால் வேப்பமரத்தில் கயிறு மட்டும் கிடக்கிறது. நீ கோட்டுக்கு அந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு சந்தோஷமாக நின்றாய். உன் கையெல்லாம் எச்சில். என் சத்தம் கேட்டு உன் நைனா ஓடி வந்தார். யார் அவிழ்த்தது என்று கேட்டதற்கு நீ கொஞ்சமும் பயப்படாமல் என்னைக் காட்டினாய்.

"அம்மாதான் நைனா சொன்னாங்க. கட்டிப் போட்டா பாவமாம்."

உன் நைனா என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. எனக்கு உன்னை நாலு சாத்து சாத்த வேண்டும் போலக் கை பரபரத்தது. எதற்கென்று அடிப்பேன்? சொன்ன பாடத்தை ஒரு எழுத்துத் தப்பாமல் செய்திருக்கிறாய். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சொல்லியிருந்தால் எழுதிக்கொண்டு வந்து பையோடு ஓரமாக வைத்திருப்பாய். சொன்னது அம்மா, அதனால் போய்ச் செய்துவிட்டாய். வீட்டில் பாடம் சொல்லப் போகிறவனே, இந்த இடத்தை மட்டும் இன்னொரு தரம் படித்துக்கொள்.

உன் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். நாய் போய்விட்டது, இனிமேல் பார்த்துத் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை. இனி ஊசிதான். கால் போகுமா போகாதா என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று. உன் நைனா சட்டையை மாட்டிக்கொண்டு உன்னை விழுப்புரம் பஸ்ஸுக்குக் கூட்டிக்கொண்டு போனார். உன்னிடம் பஸ் காட்டப் போவதாகச் சொன்னார். நான் எதிர்வீட்டுக்கு ஓடினேன். அங்காளம்மனுக்கு அமாவாசை என்று மலையனூருக்குப் போகிற ஜனம் ரோடு முழுக்க நிற்கிறது, அந்தக் கூட்டத்தில் செவலை யார் மேலாவது பட்டால் ஒரே அடியில் முடித்துவிடுவார்கள். அண்ணன் விஷயத்தைக் கேட்டதும் கை தானாகத் தடியை எடுத்தது.

"அடிச்சிடாதீங்கண்ணா. அது எனக்கு உசுரோட வேணும்."

"இன்னாம்மா இது, நாயா வேணும் உனக்கு?"

"என் புள்ள வேணும்ணா."

அவர் தடியைச் சாத்திவிட்டு, ஒரு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெறுங்கையோடு இறங்கினார். பகல் பூராவும் அந்த மனுஷன் மண்டித் தெருவிலும் கூட்டத்திலும் அலைந்தார். நம்மைக் கேலி செய்தவர், தடி எடுத்தவர் என்றுதானே அவரை நினைத்துக்கொண்டிருக்கிறாய்? திருத்திக்கொள். நான் அக்காவைக் கூட்டிக்கொண்டு கோட்டைப் பக்கம் போனேன். சக்கரைகுளம், மலையடிவாரம், பாறை இடுக்கு ஒன்று விடவில்லை. செவல, செவல என்று கூப்பிட்டுத் தொண்டை கட்டிவிட்டது. குரங்குகள்தான் எட்டிப் பார்த்தன. அக்கா கால் வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளுக்கு அதற்குள் ஏதோ புரிந்துவிட்டது.

அங்கே பஸ் ஸ்டாண்டில் அத்தனை பஸ்ஸும் மலையனூர் ஸ்பெஷலாகப் போய்க்கொண்டிருந்தது. விழுப்புரத்துக்கு வந்தது ஒன்றோ இரண்டோ. அதிலும் ஜனம் படிக்கட்டில் தொங்கியது, நிற்காமல் போய்விட்டது. உன் நைனா ஒவ்வொரு டிரைவரிடமும் கெஞ்சினாராம். வாழ்க்கையில் யாரிடமும் கெஞ்சாத மனிதர். அதைத்தான் நீ, நைனா எனக்காக ஒருநாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு பஸ் பஸ்ஸாகக் காட்டினார், ஊதல் வாங்கிக் கொடுத்தார் என்று எழுதியிருக்கிறாய். ஊதல் வாங்கிக் கொடுத்தது உண்மை. மறுநாள் விடியற்காலை மண்டி லாரி விழுப்புரம் போகிறது என்று தெரிந்ததும், அதில் இடம் சொல்லி வைத்துவிட்டு உன்னைத் தூக்கிக்கொண்டு திரும்பினார்.

நீங்கள் வரும்போது வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு நான் அடுப்பே மூட்டவில்லை. ஆனால் அந்த நேரத்துக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஓர் இலையில் பழைய சோற்றைப் போட்டு மோர் ஊற்றி, தண்ணீரையும் வடிகட்டிச் செவலையின் சட்டியில் ஊற்றி, இரண்டையும் வழக்கமான இடத்தில் கொண்டுபோய் வைத்தேன். நீ ஊதலை ஊதிக்கொண்டு தோட்டத்துக்கு வந்தாய். உன் நைனா மல்லாட்டை மூட்டை மேல் உட்கார்ந்து, லாரி சமாச்சாரத்தைத் தரையைப் பார்த்தபடி சொன்னார். எதிர்வீட்டு அண்ணன் வாசலில் நின்று, எங்கேயும் காணோம் என்று கையை விரித்தார்.

அப்போது சுவரோரம் இருந்த சந்து வழியாக அது வந்தது. யாரோ கல்லால் அடித்திருக்கிறார்கள், பின்னங்கால் நொண்டியது. எங்களை ஒருத்தரையும் பார்க்கவில்லை. கோலமாவுக் கோட்டைத் தாண்டி நேராகச் சட்டிக்குப் போயிற்று. ஒரு வாரமாக அந்த நேரத்துக்கு அங்கே சோறு கிடைக்கும் என்று அதற்குப் பழகியிருந்தது, வேறொன்றும் இல்லை. முகர்ந்தது. பிறகு தலையைக் குனிந்து குடிக்க ஆரம்பித்தது. சளக், சளக் என்று சத்தம். ஒரு கீறல் தெரிந்தது, இரண்டு தெரிந்தது, கடைசியில் சட்டியின் அடி தெரிந்தது. உன் நைனா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான். அவர் தூங்குகிறார் என்று நினைத்து நீ அவர் காதருகே போய் ஊதலை ஊதினாய்.

டாக்டர் சொன்ன கெடுவுக்கு இன்னும் நாள் பாக்கி இருந்தது. நான் கயிற்றை எடுத்தேன். அது சோறு தின்னும்போதே கழுத்தில் போட்டு மரத்தில் இறுக்கிக் கட்டினேன். நீ என் புடவையைப் பிடித்து இழுத்தாய்.

"கட்டிப் போட்டா பாவம்னு சொன்னியேம்மா?"

அப்படியெல்லாம் இல்லை என்று சொல்லியிருக்கலாம். இதற்கு மட்டும் பாவம் இல்லை என்று ஏதாவது கதை கட்டியிருக்கலாம். லீவு என்று பொய் சொன்னவளுக்கு இது பெரிசா? ஆனால் இதில் எனக்குப் பொய் வரவில்லை.

"பாவந்தான்டா. அது எனக்கு வரட்டும்" என்றேன்.

முந்தின நாள்தான் மல்லாட்டையைப் பிளந்து கணக்குப் படித்திருந்தாய். கையை நீட்டினாய்.

"அப்ப பாதி எனக்குக் குடு."

பாக்கி நாளும் செவலை நன்றாகக் குடித்தது, லாரியில் யாரும் போகவில்லை. பிறகு அவிழ்த்துவிட்டோம், அது போகவில்லை. அதெல்லாம் உனக்கே தெரியும். பிள்ளைகளை வீட்டில் வைத்துப் படிக்க வை, நான் வேண்டாமென்று சொல்லவில்லை. அந்த வாரம் உனக்கு அத்தனை நிம்மதியாக இருந்தது என்று படித்தபோது, கோபம் போன பிறகு, எனக்கும் உன் நைனாவுக்கும் யாரோ பரிசு கொடுத்தது மாதிரி இருந்தது. ஆனால் நீ பாடம் சொல்லப் போகிறாய். அவர்கள் அதைச் செய்யப் போகிறார்கள். என்றைக்காவது ஒருநாள், நீ சொன்னதையே நீ மீறிக் கயிற்றை எடுக்க வேண்டி வரும். அப்போது உன் சின்னவன் பக்கத்தில் வந்து நின்று உன்னை மாதிரியே பாதி கேட்டுக் கையை நீட்டுவான். அன்றைக்கு உனக்கு நான் கொடுக்கவில்லை. இன்றைக்கும் கொடுக்கமாட்டேன். நீயும் அவனுக்குக் கொடுத்துவிடாதே.

உன் அம்மா